பழிப்பேச்சும் வேண்டாம், பூசி மெழுகலும் வேண்டாம்

வருசநாடு என்ற பெயர் நாளிதழில் வந்தால் பக்கத்தில் என்ன சொல் இருக்கும் என்பதை எங்கள் தேனிப் பகுதிக்காரர் எவரும் படிக்காமலே சொல்லிவிடுவார்: கஞ்சா. கம்பம் பள்ளத்தாக்கு திரையில் வந்தால் சிறிது நேரத்தில் அரிவாளும் வந்துவிடும். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் உசிலம்பட்டி என்றால் பெண் சிசுக்கொலை. வைகை பிறக்கும் மலை, கடமலைக்குண்டு வட்டார இலவம் பஞ்சு, கம்பத்துப் பன்னீர் திராட்சை, போடி ஏலக்காய்ச் சந்தை எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான் நினைவுக்கு வருகின்றன. வெளியூரில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகும் எங்கள் பிள்ளைகளிடம் "தேனிப் பக்கமா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரர் தயங்குவது இன்றும் நடக்கிறது.

இதற்கு நேரெதிரான பழக்கம் ஒன்றும் நம்மிடம் வளர்ந்திருக்கிறது. ஊர்க் கலவரச் செய்தியைப் படியுங்கள்: "இரு பிரிவினரிடையே மோதல்" என்றிருக்கும். யார் யாரை அடித்தார்கள், எதற்காக அடித்தார்கள், எந்தத் தெருவின் வீடுகள் எரிந்தன என்பது இராது. படித்தவர்கள் கூடும் மேடைகளில் 'ஒரு குறிப்பிட்ட தரப்பினர்' என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார்கள். 'அரசியல் சரிநிலை' என்ற பெயரில் அறிவாளர் வட்டாரத்தில் பேசப்படும் நாகரிகத்தின் பெரும்பகுதி, நம் ஊரில் இந்த அளவோடு நின்றுவிடுகிறது.

இந்த இரண்டு பழக்கங்களும் ஒன்றுக்கொன்று பகை போலத் தெரியும். செய்யும் வேலை ஒன்றுதான். ஒரு சமூகத்தைப் பற்றிய நேர்மையான செய்தியில் மூன்று தகவல்கள் இருந்தாக வேண்டும்: எப்போது, எங்கே, என்ன காரணத்தால். பழிப்பேச்சு இந்த மூன்றையும் உதிர்த்துவிட்டு 'அவர்கள் அப்படித்தான்' என்கிறது. பூசி மெழுகலும் அதே மூன்றையும் மறைத்துவிட்டு 'அதைப் பேசாதே' என்கிறது. இரண்டுக்கும் நடுவே பேச ஒரு வழி உண்டு. எங்கள் பகுதியின் வரலாறே அதைக் கற்றுத்தரும்.

ஒரு பழி உருவான கதை

பிரமலைக் கள்ளர்கள் மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டியைச் சுற்றிய வறண்ட நாட்டில் நெடுங்காலமாக வாழ்பவர்கள். பல ஊர்களில் காவல் அவர்கள் பொறுப்பு. களத்து நெல்லையும் கால்நடையையும் இரவில் காத்து, விளைச்சலில் காவல் கூலி பெற்றார்கள். திருட்டுப் போனால் காவல்காரரே ஈடுகட்ட வேண்டும் என்பது வழக்கம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி தனக்கென்று காவல் அமைப்பை உருவாக்கியபோது இந்த உரிமையை ஏற்க மறுத்தது. கூலி போனது, மானாவாரி நிலம் சோறு போடவில்லை. காவல் உரிமை ஊருக்கு ஊர் மிரட்டலாக மாறியது. மாடு காணாமல் போகும். துப்புச் சொல்ல ஒருவர் வருவார். துப்புக்கூலி கொடுத்தால் மாடு திரும்பி வரும். 1896-இல் திண்டுக்கல், மதுரைப் பகுதிகளில் மற்றச் சாதியினர் ஒன்றுகூடிக் கள்ளர் காவலை விரட்டினார்கள். கள்ளர் வீடுகள் எரிக்கப்பட்டன.

இவ்வளவும் நடந்ததுதான். களவு நடந்ததை மறுக்க வேண்டியதில்லை. துப்புக்கூலி கொடுத்துத் தன் மாட்டைத் தானே மீட்ட உழவனின் வலியும் உண்மை. ஆனால், ஆங்கிலேய அதிகாரிகள் எழுதியது வேறு. 1868-இல் நெல்சனின் மதுரை நாட்டுக் கையேடு, 1906-இல் பிரான்சிஸின் மதுரை கெசட்டியர், 1909-இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள். இவற்றில் களவு ஒரு காலத்தின் நிகழ்ச்சியாக இல்லாமல் ஒரு குலத்தின் குணமாகிவிட்டது. 'திருடினார்கள்' என்பது 'திருடுவார்கள்' ஆயிற்று. நூலில் ஏறியது சட்டத்திலும் ஏறியது.

1871-இல் வட இந்தியாவுக்காகப் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914-இல் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது பாய்ந்தது. 1918-இல் பிரமலைக் கள்ளர் அனைவரையும் வளைத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் 'ரேகைச் சட்டம்'. வயது வந்த ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். ஊரைவிட்டுப் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். குற்றம் செய்தாரா என்ற கேள்வியே இல்லை, பிறந்திருந்தால் போதும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண்.

அந்த மக்களுக்காக நீதிமன்றம் ஏறியவர்களில் முதன்மையானவர் மதுரையில் வழக்கறிஞர் தொழில் செய்த ஜார்ஜ் ஜோசப். 1887-இல் செங்கன்னூரில் பிறந்த மலையாளி, கிறிஸ்தவர். களவே நடக்கவில்லை என்று சொல்லி அவர் வாதாட வேண்டியிருக்கவில்லை. செய்தவனைப் பிடித்து விசாரி, பிறந்தவனைப் பிடிக்காதே என்பதே அந்தச் சட்டத்துக்கு எதிரான வாதத்தின் உயிர். பிரமலைக் கள்ளர்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் குடும்பங்கள் உண்டு. இந்தக் கட்டுரை சொல்ல வருவதை அந்த மனிதர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டிவிட்டார்.

பெயர் மாறியது, பழக்கம் மாறியதா?

ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர், ஜீவா, பி.ராமமூர்த்தி போன்றோரின் நெடிய போராட்டத்துக்குப் பின் 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் ஒழிந்தது. ஆனால், 1948-இலேயே சென்னையில் 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்துவிட்டது. குலத்தின் பெயர் எடுக்கப்பட்டது. சந்தேகப் பட்டியல் வேறு தலைப்பில் தொடர்ந்தது. 'குற்றப் பரம்பரை' என்ற சொல் போய்ச் 'சீர்மரபினர்' என்ற சொல் வந்தது. இன்று தமிழ்நாட்டில் 68 சமூகங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. 1979-இல் அவர்கள் 'பழங்குடி' என்ற வகையிலிருந்து 'சமூகம்' என்ற வகைக்கு மாற்றப்பட்டார்கள். 2019-இல், மத்திய அரசின் திட்டங்களுக்கு மட்டும் 'பழங்குடி' என்ற பழைய பெயரில் சான்றிதழ் தரலாம் என்று மாநில அரசு ஆணையிட்டது. எந்தச் சான்றிதழில் எந்தப் பெயர் என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர்கள் எங்கள் ஊர்களில் ஏராளம்.

சொல்லை மாற்றியதும் பழக்கமும் மாறிவிட்டது என்று எண்ணிவிடலாகாது. 2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாட்டின் பல மாநிலச் சிறைக் கையேடுகளில் அதுவரை சாதி பார்த்து வேலை ஒதுக்கும் விதிகள் இருந்தன. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் வரிகளும் இருந்தன. அவை அரசமைப்புக்கு முரணானவை என்று நீதிமன்றம் நீக்கியது. கைதிகள் பதிவேட்டின் சாதிக் கட்டத்தையும் எடுக்கச் சொன்னது. சட்டம் ஒழிந்து 72 ஆண்டுகளுக்குப் பிறகு! நாகரிகமான புதுச் சொல்லுக்கு அடியில் பழைய எண்ணம் எவ்வளவு காலம் பத்திரமாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தலைப்பைத் தணிக்கை செய்த ஊர்

திரைப்படத்தில் இந்தப் பொருளைப் பற்றி நாம் நடத்திய மிகப் பெரிய சண்டை ஒரு தலைப்புக்காக நடந்தது. 2003-இல் கமல்ஹாசன் தேனிப் பகுதியைக் களமாகக் கொண்டு 'சண்டியர்' என்ற படத்தைத் தொடங்கினார். அந்தப் பெயர் சாதி மோதலைத் தூண்டும் என்று புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமி எதிர்த்தார். தென்மாவட்டங்களில் அடி வாங்கிய பட்டியல் சாதி மக்களின் அச்சத்திலிருந்து அந்த எதிர்ப்பு வந்தது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. படப்பிடிப்பு இடம் மாறியது. தலைப்பும் மாறி, 2004 பொங்கலுக்கு 'விருமாண்டி' ஆக வெளிவந்தது.

ஒரு சொல் போயிற்று. அதன்பின் தென்மாவட்டப் படங்களில் அரிவாள் குறைந்ததா? கூடியது. மீசை, அரிவாள், குலதெய்வத் திருவிழாவில் கொலை என்ற அச்சில் படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆனால், கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு நீர் 1895 முதல் இருபோக நெல் விளைவிக்கிறது. அந்த நீர் எட்டாத உசிலம்பட்டி மேட்டு நிலத்துக்காக 58 கிராமக் கால்வாய் கேட்டுத் தலைமுறைகள் போராடியிருக்கின்றன. மக்களின் அன்றாடப் பேச்சில் பாதி தண்ணீரைப் பற்றியது. அந்தப் பேச்சு இந்தப் படங்களின் காதில் விழவில்லை. தலைப்பை மாற்றச் சொல்லி வென்ற நாம், மனிதர்களை முழுதாகக் காட்டு என்று கேட்கவே இல்லை. மானுடவியலாளர் ஆனந்த் பாண்டியன் இதே பள்ளத்தாக்கில் தங்கி ஆராய்ந்து 2009-இல் ஓர் ஆங்கில நூல் வெளியிட்டார். களவுப் பழி சுமந்த மக்கள் உழவின் வழியாகத் தம் வாழ்வையும் ஒழுக்கத்தையும் எப்படிச் செதுக்கிக்கொண்டார்கள் என்பதே அதன் பொருள். அந்த நூலில் இருக்கும் மனிதர்கள் நம் திரையில் இல்லை.

சிசுக்கொலை: யாருடைய பாவம்?

அடுத்து, பேசவே கூசும் விஷயத்துக்கு வருவோம். உசிலம்பட்டி வட்டாரத்தில் பிறந்த பெண் குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். 1986-இல் 'இந்தியா டுடே' இதழ் அதை நாட்டுக்குச் சொன்னது. ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இந்தப் பக்கமும் அது நடந்தது. எருக்கம்பாலும் நெல்மணியும் எதற்குப் பயன்பட்டன என்பது எங்கள் பாட்டிமார்களுக்குத் தெரியும். இதைச் சொல்வது எந்தச் சமூகத்துக்கும் இழுக்கல்ல. சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் எத்தனை பிள்ளைகள் போயிருக்கும்?

ஆனால், சொன்ன விதத்தில் ஒரு பிழை இருந்தது. அந்தக் கொடுமை ஒரு சாதியின், ஒரு தாலுகாவின் சொத்து ஆகிவிட்டது. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய இடம் சேலம். அங்கும் தருமபுரியிலும் வேறு சாதியினரிடையே அதே கொடுமை நடந்துகொண்டிருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் 942 பெண்கள். ஹரியாணாவில் 819. பஞ்சாபில் 798. அங்கே எருக்கம்பால் இல்லை. ஸ்கேன் மையம் இருந்தது. கோதுமை விளைந்த செல்வ வீடுகளில், படித்த மருத்துவர் கையால், ரசீது போட்டு நடந்தது. கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்த பிறகும் அது நடந்தது. அந்தக் குடும்பங்களை எவரும் 'சிசுக்கொலைச் சாதி' என்று அழைக்கவில்லை. ஏழை செய்தால் குலத்தின் குணம், வசதியுள்ளவர் செய்தால் தனிப்பட்ட தவறு என்று நாம் வைத்திருக்கும் கணக்கு இங்கே அம்பலமாகிறது.

காரணத்தைத் தேடியவர்களுக்குக் கிடைத்தது வேறு கதை. வரதட்சணையும் சீரும் வீங்கியது, பெண்ணின் உழைப்பு வயலில் மதிப்பிழந்தது, நிலம் மகனுக்கே என்ற வழக்கம். இவற்றைத் திருத்த முடியும். 'குணத்தை' எவரால் திருத்த முடியும்? தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1994-இல் 'கருத்தம்மா' எடுத்தார். தன் மண்ணின் கொடுமையைத் தன் மண்ணின் பேச்சிலேயே சொன்ன படம் அது. குடும்ப நலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. இந்த மண்ணை அது இழிவுபடுத்தியதாக எவரும் இன்று நினைப்பதில்லை. காரணம் எளிது: கொன்றவர்களை மனிதர்களாகவும், பிழைத்தவளையும் அதே வீட்டின் மகளாகவும் காட்டியது. உள்ளிருந்து, அக்கறையோடு, காரணம் காட்டிச் சொன்னால் கசப்பான உண்மையையும் ஊர் ஏற்கும்.

வருசநாட்டுக் கஞ்சா

இதே அளவுகோலை வருசநாட்டுக்கும் வைப்போம். 1980-களிலும் 1990-களிலும் இந்த மலைச்சரிவுகளில் கஞ்சா பயிரானது உண்மை. பயிரிட்டவர்கள் எந்த ஒரு சாதியினரும் அல்லர். பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் குடியேறிய பள்ளத்தாக்கு இது. பட்டா இல்லாத நிலம், மழையை நம்பிய வெள்ளாமை, மழை பெய்தால் அறுந்துபோகும் பாதை, முன்பணத்தோடு மலையேறி வரும் வியாபாரி. இந்த நான்கும் சேர்ந்த இடத்தில் உலகில் எங்கும் இப்படிப்பட்ட பயிர் முளைத்திருக்கிறது. தலைச்சுமையாகத் தூக்கி வந்தவர் பிடிபட்டார். முன்பணம் கொடுத்தவர் பெரும்பாலும் சமவெளியிலேயே இருந்துகொண்டார். இன்றைய சட்டப்படி 20 கிலோவுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தால் குறைந்தது 10 ஆண்டு சிறை. அந்தச் சிறைவாசத்தை அனுபவித்த குடும்பங்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

இன்று தமிழகத்தில் பிடிபடும் கஞ்சாவில் பெரும்பகுதி ஆந்திர-ஒடிசா எல்லையிலிருந்து வருவதாகக் காவல்துறையே தொடர்ந்து சொல்கிறது. ஆனாலும், தேனிப் பதிவெண் கொண்ட வண்டியைச் சோதனைச் சாவடியில் பார்க்கும் பார்வை மாறவில்லை. முப்பது ஆண்டுக்கு முந்தைய உண்மை, ஆண்டு உதிர்ந்துபோய், இன்று பிறந்த பிள்ளையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதே வேளையில், 'எங்கள் மலையில் அப்படி எதுவுமே நடந்ததில்லை' என்று சாதிப்பவர்களும் மலைக்கு நன்மை செய்யவில்லை. நடந்ததை ஒப்புக்கொண்டால்தான் பட்டாவும் பாதையும் விலையும் கேட்க முடியும். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு வனத்தையொட்டிய கிராமங்கள் வெளியேற்ற அச்சத்தில் இருக்கின்றன. 'கஞ்சாக்காரர்கள்' என்ற பழி இருக்கும்வரை அவர்களின் நில உரிமைக் குரல் எந்த அலுவலகத்திலும் பாதிதான் கேட்கும்.

இதே மலையில் பளியர்கள் வாழ்கிறார்கள். அவர்கள்மேல் இருப்பது வேறு வகைப் படிமம்: 'வெள்ளந்தி மக்கள், சூதுவாது தெரியாதவர்கள், தேனெடுத்துப் பிழைப்பவர்கள்.' பாராட்டுப் போல ஒலிக்கும் இந்தப் பேச்சும் ஒரு பூட்டுதான். வெள்ளந்தி என்று முத்திரை குத்திவிட்டால் கூலி பேச அவர்களைக் கூப்பிட வேண்டியதில்லை. காட்டைப் பற்றிய கூட்டத்தில் நாற்காலி போட வேண்டியதில்லை. கடன் கொடுத்தவன் கணக்கு எழுதினால் அதைக் கேட்டுச் சரிபார்க்கும் அறிவு அவர்களுக்கு உண்டு என்று நினைக்கவும் வேண்டியதில்லை. இனிப்பான பொதுமைப்படுத்தலும் மனிதரைச் சுருக்கத்தான் செய்யும்.

பழி சுமந்தவர் பழி சுமத்தும்போது

இங்கேதான் எங்கள் மக்களிடம் நேராகச் சொல்ல வேண்டிய சொல் இருக்கிறது. பிறப்பை வைத்துத் தீர்ப்பெழுதிய சட்டத்துக்கு எதிராக உயிர் கொடுத்த மண், பிறப்பை வைத்தே பிறருக்குத் தீர்ப்பு எழுதியது. 1996-இல் உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே முறையான தேர்தல் நடக்கவிடப்படவில்லை. நடந்தாலும் வென்றவர் உடனே பதவி விலக வேண்டியிருந்தது. 2006-இல்தான் அந்த நிலை மாறியது. அப்போது வென்ற தலைவர்களுக்குச் சென்னையில் சமத்துவப் பெருவிழா எடுத்தார் அன்றைய முதல்வர் கருணாநிதி. பெருங்காமநல்லூர் தியாகத்தைப் பேசும் மேடையில் கீரிப்பட்டியையும் பேசினால் அந்தத் தியாகத்தின் மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது.

ஆனால் பேச விடுகிறோமா? எங்கள் பகுதி என்று இல்லை. தமிழகம் முழுக்க இதே கதைதான். திருச்செங்கோட்டில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிராக 2014 இறுதியில் கிளம்பிய கூட்டம், 2015 ஜனவரியில் எழுத்தாளரையே எழுத்தை விடச் செய்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் நூலின் பக்கம் நின்ற பிறகே அவர் மீண்டு வந்தார். 'எங்கள் மனம் புண்படுகிறது' என்ற சொல் இன்று எல்லாச் சாதிச் சங்கங்களின் கையிலும் இருக்கிறது. எளியவரை இழிவிலிருந்து காக்கப் பிறந்த நாகரிகம், பலம் உள்ளவர்கள் கேள்வியிலிருந்து தப்பிக்கும் கேடயமாகிவிட்டது.

நாங்குநேரியில் 2023-இல் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் சாதி வெறியில் வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உள்ளன. அவற்றின் பெயரை மாற்ற உசிலம்பட்டிப் பகுதியில் எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பெயர் போனால் தங்கள் முன்னோர் பட்ட துன்பத்தின் சாட்சி போய்விடும், கிடைத்த உரிமையும் கரைந்துவிடும் என்பது எதிர்த்தவர்களின் அச்சம். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. சாதிப் பெயர் தாங்கிய பள்ளியில் படிக்கும் பிற சாதிப் பிள்ளையின் சங்கடத்திலும் நியாயம் உண்டு. என் கருத்து இது: பெயரை மாற்றுங்கள்; ஆனால் வரலாற்றைப் பாடத்தில் ஏற்றுங்கள். ரேகைச் சட்டமும் பெருங்காமநல்லூரும் ரோசாப்பூ துரையும் கீரிப்பட்டியும் அந்தப் பள்ளிகளில் ஒரே பாடத்தில் இருக்கட்டும். 2025-இல் அரசு விடுதிகள் 'சமூகநீதி விடுதி' ஆயின. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டது. இவை வரவேற்க வேண்டிய மாற்றங்கள். ஆனால், பலகை மாறிய விடுதியில் கழிப்பறைக் கதவு மாறவில்லை என்றால் அந்தப் பலகை யாருடைய மன நிம்மதிக்காக?

மலைக்கு அந்தப் பக்கம்

2011 டிசம்பரைக் கம்பம் பள்ளத்தாக்கு மறக்காது. முல்லைப் பெரியாறு அணை உடையும் என்ற பீதியைக் கேரளத்தில் அரசியல் கட்சிகளும் 'டேம் 999' படமும் ஊதிப் பெருக்கின. தமிழ்நாட்டில் அந்தப் படம் தடை செய்யப்பட்டது. இடுக்கியில் ஏலத் தோட்டங்களில் வேலை செய்த எங்கள் மக்கள் 'பாண்டி' என்று இழிக்கப்பட்டுத் தாக்கப்பட்டார்கள். பெண்கள் குழந்தைகளோடு காட்டு வழியே இறங்கி வந்தார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் உடைக்கப்பட்டன. 'மலையாளத்தான் நம்பத்தகாதவன்' என்ற பேச்சு டீக்கடை தோறும் நடந்தது. அணையின் நீர்மட்டத்தைப் பற்றிய வழக்கு, இரண்டு மக்களின் குணத்தைப் பற்றிய வழக்காகிவிட்டது.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்த அனுமதித்தது. விடிகாலை ஜீப்கள் இன்று பழையபடி கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறுகின்றன. எங்கள் காய்கறி அவர்கள் ஓணத்துக்குப் போகிறது. அவர்கள் ஏலக்காய் போடியில் ஏலம் போகிறது. ஆனால் 'பாண்டி' என்ற சொல்லும் 'மலையாளத்தான்' என்ற சொல்லும் இரு பக்கமும் அப்படியே இருக்கின்றன. 2011-இல் என்ன நடந்தது என்று இரு மாநிலத்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசவே இல்லை என்பதே அதற்குக் காரணம். பேசாமல் விட்டது ஆறிவிடாது. அடுத்த மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது அதுவும் ஏறும்.

என்ன செய்யலாம்?

பேசுவதைத் தடுப்பது தீர்வல்ல. பேசும் முறையைக் கற்றுக்கொள்வதே தீர்வு. பத்திரிகையாளர்களே, 'இரு பிரிவினர்' என்று எழுதாதீர்கள். யார் தாக்கினார்கள், யார் தாக்கப்பட்டார்கள், எந்தக் காரணத்தால் என்று எழுதுங்கள். அதோடு, அந்தச் சாதி முழுவதையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். காவல்துறையினரே, பிடிபட்டவரின் ஊரையும் குலத்தையும் சந்தேகத்துக்கு ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். சிறைக் கையேடுகள் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. திரைப்படக்காரர்களே, தேனிக்கு வரும்போது அரிவாளை நீங்கள் கொண்டு வருகிறீர்கள். வாய்க்கால் கரையில் நின்று முறைத்தண்ணீருக்குக் காத்திருக்கும் சம்சாரியையும் ஒருமுறை பாருங்கள்.

சாதிச் சங்கத் தலைவர்களே, உங்கள் மக்களின் வடுவை உலகம் அறிய வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உங்கள் மக்கள் பிறருக்குத் தந்த வடுவைப் பேசுபவரையும் அதே உரிமையோடு பேச விடுங்கள்.

கடைசியாக, இதைப் படிக்கும் உங்களுக்கு. 'அவங்க எல்லாம் அப்படித்தான்' என்ற பேச்சு உங்கள் வீட்டுத் திண்ணையிலோ அலுவலகத்திலோ எழும்போது எழுந்து போய்விடாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். எப்போது நடந்தது, எங்கே நடந்தது, ஏன் நடந்தது என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். உண்மை பேசுபவர் பதில் சொல்வார். பழி பேசுபவரிடம் பதில் இருக்காது.